ஃபெர்ரி 4.2-இல் விடுபட்ட பெயர்

பார்த்தசாரதி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. கதை போகிற போக்கில் அப்படித் தோன்ற இடமுண்டு. அவர் யாரையும் ஏய்த்ததில்லை, யார் பிழைப்பிலும் மண்ணைப் போடவேண்டும் என்று நினைத்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். மேனேஜராக்குகிறோம் என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். எனக்கு ஆளை மேய்க்க வராது, கோட் எழுதத்தான் வரும் என்று நழுவிக்கொண்டார். பாரிவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஒரு ஸ்கூட்டர், பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கும் மனைவி தீபிகா. அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் எந்தக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒருவர் திறப்பார்.

ஆனால் இவருக்கு இன்னொரு முகம் இருந்தது. அது பாரிவாக்கத்தில் யாருக்கும் தெரியாது, பெர்லினில் தெரியும், டொராண்டோவில் தெரியும். ஃபெர்ரி என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் ஏழு மெயின்டெய்னர்களில் அவர் ஒருவர்.

ஃபெர்ரி என்ன செய்யும்? ஒரு ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு ஒரு மென்பொருள், ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று. மூன்றும் மூன்று கம்பெனி செய்தது. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. நடுவில் நின்று இதனிடம் செய்தியை வாங்கி, அதற்குப் புரிகிற மாதிரி மாற்றி, அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஃபெர்ரியின் வேலை. அதுவும் சொந்தக் கம்ப்யூட்டரில் அல்ல, இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் க்ளவுடில். கூட்டம் வந்தால் பத்து நகலாகப் பெருகிக்கொள்ளும், கூட்டம் போனால் சுருண்டு படுத்துக்கொள்ளும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் புதிதாக எழுதி அனுப்பலாம். எழுதியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பும் விண்ணப்பத்துக்கு அவர்கள் பாஷையில் பி.ஆர். என்று பெயர். வருகிற பி.ஆர்.களைப் படித்து, திருத்தச் சொல்லி, தேறியதைச் சேர்ப்பது மெயின்டெய்னர்களின் வேலை. சம்பளம் கிடையாது.

பார்த்தசாரதி கையில் ஒரு பி.ஆர். மாட்டினால் அது லேசில் வெளியே வராது. அவருடைய அப்பா ஆவடித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். அளவு நூலிழை தப்பினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார், வீட்டில் சப்பாத்தி வட்டமாக இல்லாவிட்டாலும் அப்படித்தான். பிள்ளைக்கு அது அப்படியே இறங்கியிருந்தது. இந்தப் பெயரை மாற்று, இந்த வரியை மேலே ஏற்று, இதற்கு ஏன் பரிசோதனை நிரல் எழுதவில்லை என்று வரிக்கு வரி குறிப்பு எழுதுவார். 'பார்த்தா கண்ணில் படாமல் ஒரு எறும்பு கூட உள்ளே போகாது' என்று, இவர் பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் கனடாக்காரர் ஒருவர் ஆண்டுக் கூட்டத்தில் வீடியோவில் சொன்னபோது, இவர் பாரிவாக்கத்தில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து கூச்சத்தோடு சிரித்தார். அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார், தீபிகா கேட்காமலே கறிகாய் நறுக்கிக் கொடுத்தார்.

இனி ஜெபாவைப் பற்றி.

ஜெபா அவருடைய குழுவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஆபீசில் எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவள் மட்டும் அவரைச் சார் என்பாள், சொல்லிப் பார்த்தும் மாற்றிக்கொள்ளவில்லை. கணவன் ஜஸ்டினுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை; குவார்ட்டர்ஸில் வீடு. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். ஒரு வருஷம் என்று நினைத்துக்கொண்டு விட்டது. குழந்தைக்கு மூச்சிரைப்பு இருந்ததால் ஐந்தாகிவிட்டது. மறுபடி வேலை தேடியபோது போன இடமெல்லாம் ஒரே கேள்வி: இந்த ஐந்து வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? குழந்தை வளர்த்தேன் என்ற பதிலுக்குத் தலையை ஆட்டுவார்கள், பிறகு போன் வராது.

அப்போதுதான் அவள் பார்த்தசாரதிக்குப் போன் செய்தாள். யோசனை சொன்னது அவர்தான். இதை மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

"ஃபெர்ரிக்கு எழுது ஜெபா. பெருசா ஒண்ணு எடுத்து எழுது. ரிலீஸ் நோட்ஸ்ல உன் பேரு வந்துடுச்சுன்னா அப்புறம் எவனும் அஞ்சு வருஷக் கணக்கு கேக்க மாட்டான். உலகமே பாக்கும்."

"என்னால முடியுமா சார்? கை மறந்துபோயிருக்குமே."

"எழுது. நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற அந்தச் சொல்லை நம்பி அவள் உட்கார்ந்தாள். குழந்தை எல்.கே.ஜி. போய்விட்டு வருவதற்குள் கிடைக்கிற மூன்று மணி நேரம். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை. சோற்றுப் பாத்திரத்தைக் கூடக் கழுவாமல் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே மடிக்கணினியை விரித்துக்கொண்டு நான்கு மாதம் எழுதினாள்.

அவள் எடுத்துக்கொண்டதும் லேசான விஷயமில்லை. ஃபெர்ரியில் நெடுநாளாக ஒரு குறை. செய்தி போய்ச் சேரவேண்டிய இடம் கொஞ்ச நேரம் மூடிக்கிடந்தால், ஃபெர்ரி மூன்று தடவை தட்டிப் பார்க்கும், பிறகு அந்தச் செய்தியைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிடும். பின்னால் எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் வரிசை குலைந்துவிடும். முதலில் வந்த மருந்துச்சீட்டு கடைசியில் போகும், ரத்து செய்யச் சொன்ன செய்தி சீட்டுக்கு முன்னாலேயே போய் நிற்கும். வரிசையைக் காக்கவேண்டுமானால் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தினால் நினைவகம் நிரம்பி மொத்தமும் படுத்துவிடும். நான்கு வருஷம் இதை நினைத்து நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டவர் பார்த்தசாரதி. கடைசியில், இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாது என்று ஒன்பது பக்கத்துக்கு ஒரு குறிப்பே எழுதி, திட்டத்தின் ஆவணங்களில் சேர்த்துவிட்டார். யார் கேட்டாலும் அதைக் காட்டுவார்கள்.

ஜெபாவுக்கு வழி கிடைத்தது, மளிகைச் சாமான் விற்கிற குவார்ட்டர்ஸ் கேன்டீனில். அங்கே பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காகக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். வரிசையில் நிற்கிற பெண்கள் யாரும் வெயிலில் காய மாட்டார்கள். ஆளுக்கொரு பையைத் தரையில் வைத்துவிட்டு, போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். கவுன்ட்டர் திறந்ததும் பை இருந்த இடத்தில் அவரவர் வந்து நிற்பார்கள். பையை யாரும் நகர்த்துவதில்லை. நகர்த்தினவளை அந்தக் குவார்ட்டர்ஸ் லேசில் விடாது. ஜெபா இதையே எழுதினாள். செய்தியைக் கொண்டுபோய் வேறிடத்தில் பத்திரமாக வை. வரிசையில் அதன் இடத்தில் பை மாதிரி ஒரு சின்ன அடையாளத்தை மட்டும் நிறுத்து. எதிர்ப்பக்கம் திறந்ததும் அடையாளம் நிற்கிற வரிசைப்படியே செய்தியை அழைத்து அனுப்பு. அடையாளத்துக்கு எடை கிடையாது, லட்சம் நின்றாலும் நினைவகம் நிரம்பாது. முந்நூற்றுச் சொச்சம் வரிகள். அவ்வளவுதான்.

போன ஜூனில் ஒரு திங்கட்கிழமை அந்த பி.ஆர். வந்தது. பார்த்தசாரதி ஆபீஸ் கேன்டீனில் மோர்க்குழம்பு சாதத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டே போனில் படித்தார். பாதியில் கை நின்றுவிட்டது. ஒன்பது பக்கக் குறிப்பில் முடியாது என்று தாம் நிறுவிய காரியம் முந்நூறு வரியில் முடிந்துகிடந்தது. தப்பு எங்கேயாவது இருக்கும் என்று இரண்டாம் முறை படித்தார். இல்லை.

அப்போது அவருக்குள் எழுந்தது சந்தோஷம் இல்லை. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அன்றைக்கு அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது இதுதான்: நல்ல முயற்சி, ஆனால் சரியாகப் பார்க்கவேண்டும்.

சரியாகப் பார்க்க ஆரம்பித்தார். 'பை' என்ற பெயர் வெளிநாட்டுக்காரனுக்குப் புரியாது, மாற்று. மாற்றினாள். இந்த இரண்டு பகுதியையும் தனித்தனிக் கோப்பாகப் பிரி. பிரித்தாள். பிறகு, சேர்த்தே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. சேர்த்தாள். ஆயிரம் செய்திக்குப் பரிசோதித்தது போதாது, பத்து லட்சத்துக்கு எழுது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்திலும் எழுதி அனுப்பினாள். அக்டோபரில் ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, 'அடிப்படை வடிவமைப்பையே ஒருமுறை யோசிக்க வேண்டும், விரைவில் விரிவாக எழுதுகிறேன்' என்று எழுதி, 'மாற்றம் தேவை' என்ற பொத்தானை அழுத்திவிட்டார். அந்தப் பொத்தானை ஒரு மெயின்டெய்னர் அழுத்தினால், அவரே எடுக்கிறவரை வேறு யாரும் அந்த பி.ஆரைச் சேர்க்க முடியாது.

விரிவாக ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது?

நவம்பரில் ஜெபா ஒரு வரி போட்டாள்: 'சார், நான் ஏதாவது மாற்ற வேண்டுமா?' பூந்தமல்லி சிக்னலில் நின்றபோது போனில் அதைப் பார்த்தார். சனிக்கிழமை உட்கார்ந்து பதில் போடலாம் என்று நினைத்தார். சனிக்கிழமை தீபிகாவின் தங்கை வீட்டில் சீமந்தம். அடுத்த சனிக்கிழமை வேறு ஏதோ.

ஃபெர்ரியில் ஒரு பாட் உண்டு. மனிதன் இல்லை, தானாக ஓடும் சின்ன நிரல். நாற்பத்தைந்து நாள் அசைவில்லாமல் கிடக்கிற பி.ஆர்.களுக்கு 'இது பழசாகிவிட்டது' என்று முத்திரை குத்தும். மேலும் பதினான்கு நாள் அசைவில்லையென்றால் மூடிவிடும். குப்பை சேராமல் இருக்கட்டும் என்று அதை அமைத்தவர் வேறு யாருமில்லை, பார்த்தசாரதிதான். ஜனவரியில் ஒரு காலையில் அது ஜெபாவின் பி.ஆரை மூடியது. அறிவிப்பு இவருக்கும் வந்தது, மற்ற நாற்பது அறிவிப்புகளோடு. மூடினாலும் திறந்துகொள்ளலாம், ஒரு க்ளிக் போதும், அவசரமில்லை என்று விட்டுவிட்டார். மெயின்டெய்னருக்கு அது ஒரு க்ளிக். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு, தான் நான்கு மாதம் எழுதி நான்கு மாதம் திருத்தியதன் மேல் சிவப்பில் 'மூடப்பட்டது' என்று ஒரு பட்டை. அதன் கீழே தன் பழைய சாரின் பெயர், பக்கத்தில் 'மாற்றம் தேவை'. மூடியது ஒரு பாட் என்று பார்த்தால் தெரியும்தான். ஆனால் அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்? அவள் போன் செய்து கேட்கவில்லை. இவரும் செய்யவில்லை.

மார்ச்சில் ஃபெர்ரியின் அடுத்த பதிப்பான 4.2 வெளிவருவதாக ஏற்பாடு. வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாரெக் என்ற போலந்துக்காரர் ஒரு பி.ஆர். அனுப்பினார். வரிசை குலையாமல் நிறுத்திவைக்கும் வசதி. அதே வழி, அதே அடையாளம். விளக்கத்தில் அவரே நாணயமாக எழுதியிருந்தார்: 'இது முழுக்க என் யோசனை அல்ல. மூடப்பட்ட ஒரு பழைய பி.ஆரில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஏன் மூடினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதிலிருந்து எடுத்துத்தான் செய்திருக்கிறேன்.'

இதைப் படித்தபோது பார்த்தசாரதிக்குச் சுருக்கென்றது. ஆனால் மற்ற ஆறு பேரும் ஆஹா என்றார்கள், 4.2-க்குத் தலைப்பே கிடைத்துவிட்டது என்றார்கள். இவரும் இரண்டே நாளில் ஒப்புதல் கொடுத்தார். குறிப்பு ஒன்றுகூட எழுதவில்லை. தம்மிடம் வேலை கற்ற பெண் தம்மை மிஞ்சுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முன்பின் பார்க்காத போலந்துக்காரன் மிஞ்சினால் அது உலக நடப்பு. மனுஷ மனசு இப்படித்தான் அற்பமாக இருக்கிறது, என்ன செய்ய.

சேர்க்கும்போது ஒரு பெட்டி திறக்கும். எழுதியவர் ஒவ்வொரு நாளும் போட்ட குறிப்பெல்லாம் நீளமாக அதில் வந்து நிற்கும். பார்த்தசாரதிக்கு அந்த நீளம் பிடிக்காது. வருஷக்கணக்காக அவர் செய்வது ஒன்றே: பெட்டியில் இருப்பதை மொத்தமாகத் தேர்ந்தெடு, அழி, தலைப்பு ஒரு வரி மட்டும் போதும். வரலாறு சுத்தமாக இருக்கவேண்டும் என்பார். அன்றும் அப்படியே செய்தார். அழித்ததன் கடைசி வரியில் மாரெக் போட்டிருந்தது: 'உடன் எழுதியவர்: ஜெபா.' அதை அவர் படிக்கக்கூட இல்லை. ஒருமுறை சேர்த்தது சேர்த்ததுதான். உலகம் முழுக்க ஆயிரம் கம்ப்யூட்டரில் நகலாகிவிடும், பின்னால் போய் மாற்றக்கூடாது என்பது சட்டம்.

ரிலீஸ் நோட்ஸ் என்கிற வெளியீட்டுக் குறிப்பை எழுதும் முறை இந்தத் தடவை அவருடையது. சந்தோஷமாகவே எழுதினார். வேலையில்லாமல் உறங்கும் ஃபெர்ரி இனி ஒரு நொடிக்குள் விழித்துக்கொள்ளும். கடவுச்சொற்களை இனிக் கோப்பில் எழுதிவைக்க வேண்டாம், க்ளவுடின் பெட்டகத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு பாதையை முழுக்க ஒரே கோப்பில் எழுதி, க்ளவுடுக்கு ஏற்றும் முன் சொந்த மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்ப்பக்கம் மூடியிருந்தாலும் செய்தி தொலையாது, வரிசையும் குலையாது. பங்களித்தவர்கள் பெயரை, சேர்க்கும்போது அந்தப் பெட்டியில் மிஞ்சியதிலிருந்து ஒரு நிரல் தானாகத் திரட்டிக் கொடுத்தது. நாற்பத்தேழு பேர். அந்த வசதிக்கு எதிரே மாரெக்கின் பெயர் மட்டும். பார்த்தசாரதி பட்டியலை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை வெளியிட்டார். வாழ்த்து குவிந்தது.

ஞாயிறு சாயங்காலம் மாரெக்கிடமிருந்து கடிதம் வந்தது. 'பார்த்தா, நான் போட்டிருந்த ஜெபாவின் பெயர் எங்கே போயிற்று? தவறிவிட்டதா?'

தீபிகா டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஏடு கட்டியது. பார்த்தசாரதி பழைய பி.ஆரைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். தாம் எழுதிய குறிப்புகளை, வேறு யாரோ எழுதியது போல, முதல்முறையாகப் படித்தார். மாற்று, பிரி, சேர், போதாது. அவள் ஒவ்வொன்றுக்கும் கீழே போட்டிருந்தாள்: 'செய்துவிட்டேன் சார்.' 'செய்துவிட்டேன் சார்.'

ஆனால் அந்த 'செய்துவிட்டேன் சார்'களுக்குப் பக்கத்தில் ஜெபாவின் பெயர் இல்லை. முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பொம்மை. கணக்கையே அழித்துவிட்டுப் போனவர்கள் எழுதியதற்கெல்லாம் அந்தத் தளம் ஒரு பொதுப்பெயரைப் போட்டுவிடும். 'கோஸ்ட்' என்று. பேய்.

அவசர அவசரமாக வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து, மாரெக்கின் பெயருக்கு முன்னால் ஜெபாவின் பெயரைச் சேர்த்தார். குறிப்பை மாற்றலாம், அதற்குத் தடையில்லை. பெயரை அழுத்திப் பார்த்தார். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட சேக்காடு போனார். அங்கே மெக்கானிக் கடை வைத்திருக்கும் வேம்புலி அவருடன் ஆவடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். உலகத்தில் பார்த்தசாரதியை டா போட்டுக் கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம்.

"இன்னா மாமே, மூஞ்சி தொங்கிகினு கீது? வண்டி நல்லாத்தான் கீது, நீதான் ஸ்டார்ட் ஆவல போல."

பார்த்தசாரதி சொன்னார். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தையெல்லாம் தள்ளிவிட்டு, ஒரு பெண் செய்த வேலையில் அவள் பேர் விட்டுப்போய்விட்டது, இப்போது போட்டுவிட்டேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்று சொன்னார். வேம்புலி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இப்போ பேரு போட்ட, சரி. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன யாருக்குடா போட்ட?"

பார்த்தசாரதி தரையில் கிடந்த ஒரு நட்டைக் காலால் உருட்டினார்.

"குவார்ட்டர்ஸ்லதான் கீதுன்ற. இங்கருந்து பத்து நிமிசம். எங்கிட்ட சொல்றத அங்க போய்ச் சொல்லு. என் வண்டிய எடுத்துக்கினு போ, உன்து ரெடியாவ நேரமாவும்."

போன் செய்துவிட்டுப் போனார். ஜெபா வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் வருத்தம் எதையும் காணோம். அதுவே அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. ஜஸ்டின் ஷிப்டில் இருந்தான். குழந்தை தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி இல்லை, நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"ஜூன்லருந்து இங்க பக்கத்துல ஒரு நர்சரி ஸ்கூல்ல சேர்றேன் சார். கணக்கும் கம்ப்யூட்டரும். பாப்பாவையும் கூட்டிட்டே போயிட்டு வந்துரலாம்."

"இன்டர்வியூ எதுவும் போகலியா?"

"ஒண்ணு போனேன் சார். உங்க ரிலீஸ் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை. எஸ்டேட்லதான்." காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அவங்களும் ஃபெர்ரிதான் சார் வெச்சிருக்காங்க. முந்தின நாள் வந்த ரிலீஸப் பத்தியே கேட்டாங்க. வரிசை குலையாம எப்படி நிறுத்தி வெக்குதுன்னு போர்டுல எழுதச் சொன்னாங்க. எழுதினேன். உள்ள இருக்கற ஒவ்வொண்ணும் சொன்னேன். நேத்து வந்தது உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"படிச்சேன்னு சொன்னேன் சார்."

பார்த்தசாரதி காபியை மேஜையில் வைத்தார்.

"நான் எழுதினதுன்னு சொன்னா காட்டணும்ல சார். ரிலீஸ் நோட்ஸ்ல பேரு இல்ல. பழசத் தொறந்தா செவப்புல மூடிக் கெடக்கு. இதா எழுதுனீங்கன்னு சிரிச்சிருவாங்கன்னு பயம். அப்புறம் வழக்கமான கேள்விதான், அஞ்சு வருஷம் என்ன செஞ்சீங்கன்னு. வீட்டுக்கு வந்து கணக்க அழிச்சிட்டேன். அத வெச்சிட்டு இருந்தா தெனமும் தொறந்து தொறந்து பாக்கத் தோணும் சார்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாரெக் பெயர் போட்டிருந்ததையும், தாம் படிக்காமல் அழித்ததையும், பாட் மூடியதையும், இப்போது சேர்த்திருப்பதையும். அந்தக் கம்பெனியில் தமக்குத் தெரிந்தவர் இருக்கிறார், தாமே போய்ப் பேசுகிறேன் என்றார். ஜெபா பொறுமையாகக் கேட்டாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், ஒருவேளை அதற்காகத்தான் வந்தாரோ என்னவோ. அவள் கோபப்படவில்லை.

"அவங்க ஆள எடுத்துட்டாங்க சார். நானும் ஸ்கூலுக்கு வாக்கு குடுத்துட்டேன். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு, குழந்தை பக்கம் பார்த்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்பது போலக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு சார். நிஜமாச் சொல்லுங்க. நான் எழுதினது மோசமா இருந்துச்சா?"

ஒன்பது மாதமாகத் தமக்கே சொல்லிக்கொள்ளாததை அங்கே அவர் சொன்னார். "இல்லம்மா. நல்லா இருந்துச்சு. மொத நாளே தெரியும். நாலு வருஷமா என்னால முடியாதத நீ செஞ்சுட்ட. அதத் தாங்க முடியாமத்தான் நோண்டிக்கிட்டே இருந்தேன்."

ஜெபாவுக்குக் கண் கலங்கிற்று, ஆனால் அழவில்லை.

"மொத்தம் முப்பத்தோரு குறிப்பு எழுதினீங்க சார்," என்றாள். "நான் எண்ணி வெச்சிருக்கேன். அதுல ஒண்ணா இதையும் எழுதியிருக்கலாமே. பேரு கூட வேண்டாம் சார். இந்த ஒரு வரி இருந்திருந்தா அன்னிக்கு போர்டு முன்னால நின்னு, நான்தான் எழுதினேன்னு சொல்லியிருப்பேன்."

"எழுதியிருக்கலாம்மா," என்றார் பார்த்தசாரதி.

எழுதியிருக்கலாம். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அது யாருக்குத் தேவைப்பட்டதோ அவள் போர்டு முன்னால் நின்ற அந்த வெள்ளிக்கிழமை வரைதான் இருந்தாள். இப்போது எதிரே உட்கார்ந்திருந்தவள், ஜூனில் சேரப்போகிற பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகங்களில் கோடு போடத் தொடங்கியிருந்தாள்.